ஒரே பில்லுக்கு இரண்டு முறை வந்த பணம், இரண்டு முறை போன பணம்

அரசு அலுவலகத்துக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைந்த கதை எங்கள் பக்கம் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். எனக்கு நடந்தது நேர் எதிர். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் வந்தது. சொன்னால் எல்லோரும் "அடிச்சுதுடா யோகம்" என்று சிரிக்கிறார்கள். அந்தக் கூடுதல் பணத்தை முறையாகத் திருப்பிக் கொடுத்து, விவகாரம் முழுக்கத் தீர்வதற்குள் மூன்று வருஷம் ஓடிப்போனது. நடுவில் என் சொந்தப் பணம் 1,86,400 ரூபாய் வேறு மாட்டிக்கொண்டது. வராத பணத்தை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கேட்காமல் வந்த அரசுப் பணத்தை எப்படித் திருப்புவது என்று சொல்ல அன்றைக்கு எனக்கு ஒருத்தரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சீர்காழிப் பக்கம் எங்கள் கடை. தார்ப்பாய், நைலான் கயிறு, சாக்கு, வாளி, குவளை, பாய் இதெல்லாம் வியாபாரம். மாமனார் ஆரம்பித்த கடை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருப்பதால் கொள்முதல், கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் என் தலையில். எங்களுக்குச் சீசன் என்றால் மழைதான். குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கும்போது வானம் கறுத்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. அரசு அலுவலக ஆர்டரும் அதே நேரத்தில்தான் வரும், அதுவும் ராத்திரியில்.

2020 நவம்பரில் நிவர் புயல். எங்களை விட்டு வடக்கே தள்ளிக் கரையைக் கடந்தாலும் முகாம்கள் திறக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரமே புரெவி வந்து, காற்றை விட மழையால் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. அந்த இரண்டு வாரமும் ஓர் அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். "மேடம், எத்தனை தார்ப்பாய் கையில இருக்கு, இருக்கிறதை ஏத்தி விடுங்க, ஆர்டர் அப்புறம் தர்றோம்." டாட்டா ஏஸில் ஏற்றிக் கொள்ளிடக் கரையோரப் பள்ளிக்கூடங்களில் இறக்கினோம். இறக்கிய இடத்திலெல்லாம் டெலிவரி சீட்டில் கையெழுத்தும் பெயரும் பதவியும் வாங்கச் சொல்லி டிரைவரிடம் சொல்லியிருந்தேன். மழையில் நனைந்து மை பரவிய அந்தச் சீட்டுகள்தான் பின்னால் எனக்குப் பேசின. பில் வரி நீங்கலாக 2,70,000 ரூபாய். தார்ப்பாய், வாளி, குவளை எல்லாமே பிளாஸ்டிக், 18 சதவீத வரி சேர்த்து 3,18,600.

பில் கொடுத்த சூட்டோடு, 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். அதுவரை மாவட்டத் தலைநகரான நாகப்பட்டினம் போக, நடுவில் காரைக்காலைத் தாண்ட வேண்டும். சொந்தக் கலெக்டர் ஆபீசுக்குப் போக இன்னொரு அரசாங்கத்தின் எல்லைக்குள் புகுந்து வெளியே வந்தவர்கள் நாங்கள். ஆனால் மாவட்டம் பிரிந்தால் கோப்புகளும் பிரியும் என்பது அப்போது யோசனையில் வரவில்லை. என் பில் பழைய அலுவலகத்தில் இருந்தது. பொறுப்பு புது அலுவலகத்துக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் புது அலுவலகத்து உதவியாளர் கூப்பிட்டு, "உங்க ஃபைல் வந்து சேரலை மேடம், இன்னொரு காப்பி போட்டுக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். மேலே சிவப்பு மையில் "இரண்டாம் பிரதி" என்று எழுதி, முதல் பிரதி எந்தத் தேதியில் யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதையும் கீழே குறித்தே கொடுத்தேன். மாமனார் காலத்துப் பழக்கம் அது.

மார்ச் கடைசி வாரத்தில் பணம் வந்தது. அரசு ஒதுக்கீடு மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் காலாவதி, அதனால் அந்த வாரத்தில் எங்கெங்கோ தூங்கும் பில்லெல்லாம் எழுந்து நடக்கும். பில் தொகையில் ஜிஎஸ்டி டிடிஎஸ் 5,400 பிடித்துக்கொண்டு 3,13,200 ரூபாய் கணக்கில் ஏறியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வரி நீங்கலாக இரண்டரை லட்சத்துக்கு மேல் போகும் ஒப்பந்தத்துக்கு அரசு அலுவலகம் 2 சதவீதம் பிடித்து நம் பெயரில் கட்ட வேண்டும், 2018 அக்டோபரிலிருந்து இதுதான் நடைமுறை. அந்த 2 சதவீதம் எங்கும் போகாது, ஜிஎஸ்டி தளத்தில் நம் ரொக்கப் பேரேட்டில் வந்து நிற்கும். சரி, கணக்கு முடிந்தது என்று அந்தப் பில்லை மறந்தேன்.

2021 அக்டோபரில் ஒரு மதியம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: 3,13,200 வரவு. பொய் சொல்லவில்லை, முதலில் மனசு குளிர்ந்தது. சென்னை மொத்தக் கடைக்குச் சரக்குப் பணம் அனுப்ப வேண்டிய வாரம் அது. வேறு அலுவலகங்களிலிருந்தும் எனக்கு வர வேண்டியது இருந்தது, அதில் ஏதோ ஒன்று என்று ஐந்து நிமிஷம் நினைத்தேன். ஆனால் ரூபாய் பிசகாமல் அதே தொகை. வங்கி ஸ்டேட்மெண்டில் யுடிஆர் எண் (ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் விழும் தனி எண்) இருந்ததே தவிர, எந்த அலுவலகம், எந்தப் பில் என்ற விவரம் இல்லை. அரசுப் பணம் வாங்குகிறவர்களுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல்.

விடை கிடைத்தது ஜிஎஸ்டி தளத்தில். பிடித்தம் செய்த அலுவலகம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 7 என்ற பிடித்தக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்ததும் நம் பக்கத்தில் டிடிஎஸ் கிரெடிட் பகுதியில் அது தெரியும், ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று கேட்கும். நவம்பரில் திறந்து பார்த்தால், புது அலுவலகத்தின் ஜிஎஸ்டி எண்ணில் 2,70,000 மதிப்புக்கு 5,400 பிடித்தம். சந்தேகம் தீர்ந்தது. பழைய அலுவலகம் முதல் பிரதியை வைத்துப் பணம் கொடுத்துவிட்டது, புது அலுவலகம் இரண்டாம் பிரதியை வைத்துக் கொடுத்துவிட்டது. பணம் பெற்று வழங்கும் அலுவலர் வேறு, கருவூலம் வேறு, நிதியாண்டும் வேறு. ஒரு கருவூலத்தில் பாஸான பில் இன்னொரு கருவூலத்து மேஜைக்குத் தெரிய வழியில்லை. பில்லில் "இத்தொகை இதற்கு முன் பெறப்படவில்லை" என்று ஒரு சான்று இருக்கும், அதில் அலுவலர் கையெழுத்துப் போடுவார். அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

அந்த டிடிஎஸ் பதிவை நான் ஏற்கவில்லை, மறுத்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கூடுதலாக வந்த பணத்துக்கான டிடிஎஸ்ஸையும் ஏற்றுக்கொண்டால், அந்த 5,400 ரூபாயையும் நாம் எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். மறுத்துவிட்டால் அது அலுவலகத்துக்கே திரும்பிப் போய், அவர்கள் தங்கள் தாக்கலைத் திருத்த வேண்டியதாகிவிடும். பின்னால் எவ்வளவு திருப்பித் தருவது என்ற வாக்குவாதத்தில் இந்த ஒரு சொடுக்குதான் கைகொடுத்தது.

அடுத்து எங்கள் ஆடிட்டரிடம் போனேன். இரண்டு விஷயம் சொன்னார். இந்தப் பணத்தை விற்பனையில் எழுதக் கூடாது, திருப்பித் தர வேண்டிய பொறுப்பாக எழுத வேண்டும். தனி ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு, சரக்குப் பணத்தோடு கலக்காமல் வைக்க வேண்டும். அதேபோல் செய்தேன். வேறொருவர் "ஒரு கிரெடிட் நோட் போட்டு நேர் பண்ணிடுங்க" என்றார். நல்லவேளை கேட்கவில்லை. கிரெடிட் நோட் என்பது போட்ட பில் தொகையைக் குறைப்பதற்கு. நான் விற்றது உண்மை, பில் தொகையும் சரி. அதிகமாக வந்தது பணம் மட்டும்தான். கிரெடிட் நோட் போட்டால் நான் செய்த வியாபாரமே பொய்யாகிவிடும்.

பிறகு கடிதம். மூன்று வரிதான் எழுதினேன். (அதில் வரும் கணக்குத் தலைப்பு என்பது, அரசுக் கணக்கில் பணம் எந்த இனத்தில் சேர வேண்டும் என்பதைக் காட்டும் பெயரும் எண்ணும்.) "தங்கள் அலுவலகத்துக்கு வழங்கிய பொருள்களுக்கான இந்த எண்ணுள்ள பில்லுக்கு 2021 மார்ச் மாதத்திலேயே பணம் பெற்றுக்கொண்டேன். அதே பில்லுக்குக் கடந்த மாதம் மீண்டும் 3,13,200 ரூபாய் என் கணக்கில் வரவாகியுள்ளது, யுடிஆர் எண் இது. இத்தொகையை எந்தக் கணக்குத் தலைப்பில், எம்முறையில் திருப்பிச் செலுத்த வேண்டும் என எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன்." இரண்டு பக்க ஸ்டேட்மெண்ட் நகலை வைத்து, தபால் பிரிவில் கொடுத்து, என் நகலில் பெறப்பட்ட முத்திரையும் தேதியும் வாங்கினேன். முத்திரை போட அந்தப் பையனுக்கு மனசே இல்லை. "சார்கிட்ட நேர்ல சொல்லிட்டுப் போங்க மேடம், இதெல்லாம் எதுக்கு" என்றான். நின்று வாங்கினேன். அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடும் அனுப்பினேன்.

உள்ளே சொன்ன பதில், "வேற ஏதாவது பில்லா இருக்கும், விசாரிச்சுச் சொல்றோம்." அதோடு சரி. டிசம்பரில் போனேன், மழை வேலை. ஜனவரியில் போனேன், தேர்தல் வேலை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பின்னால் ஓய்வுபெற்ற கருவூலக்காரர் ஒருவர் விளக்கினார். பணம் கொடுத்த அதே நிதியாண்டுக்குள் திரும்பி வந்தால், அந்தச் செலவே குறைந்துவிடும், ஒதுக்கீடு அந்த அலுவலகத்துக்கே மறுபடி கிடைக்கும். அதனால் அவர்களுக்கும் அக்கறை இருக்கும். மார்ச் 31 தாண்டிவிட்டால் அது முந்தைய ஆண்டின் மிகைச் செலுத்த வசூல், வேறு தலைப்பில் போகும், அலுவலகத்துக்குச் சல்லிக்காசு பயன் இல்லை, விளக்கம் எழுதும் வேலைதான் மிச்சம். ஆகவே கூடுதல் பணம் வந்தால் மார்ச்சுக்குள் திருப்பிவிட முட்டி மோதுங்கள். உதவியாளர் மசியாவிட்டால் மேலே கண்காணிப்பாளரிடம் இந்த ஒதுக்கீட்டு விஷயத்தையே சொல்லிக் கேளுங்கள். எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

2022 மார்ச் போனது. ஊரில் ஆளுக்கொரு யோசனை. பக்கத்து உரக்கடை அண்ணன், "நீயா போய் ஏம்மா கிளறுற, மூணு வருஷம் கம்முனு இரு, காலாவதி ஆயிடும்" என்றார். நல்ல மனுஷர், ஆனால் இது தப்பு. தனியாள் கடனுக்குத்தான் பொதுவாக மூன்று வருஷக் கெடு. மாநில அரசு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் முப்பது வருஷம் கொடுக்கிறது. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் 72-ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. வந்தது தெரிந்தும் அமுக்கிக்கொண்டால் குற்ற வழக்குக்கும் இடம் உண்டு. எனக்கு அந்தப் பணம் கடைப் பலகைக்கடியில் சுருண்டு கிடக்கும் பாம்பு மாதிரிதான் இருந்தது. தெரியும், தொடவும் முடியாது, தூங்கவும் முடியாது.

2023-இல் மாநில கணக்காயர் அலுவலகத் தணிக்கைக் குழு வந்தது. அவர்கள் பில்லையும் இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பழைய அலுவலகப் பதிவேட்டில் வரவு வைக்கப்பட்ட அதே தார்ப்பாய்கள், அதே விலைப்பட்டியல் எண்ணில் புது அலுவலகப் பதிவேட்டிலும் ஏறியிருந்தன. தணிக்கைப் பத்தி, அதாவது குறையைச் சுட்டும் குறிப்பு, எழுதிவிட்டார்கள். அதுவரை என் கடிதத்துக்கு ஒரு வரி பதில் போடாத அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. "இரட்டைப் பட்டுவாடா பெற்றுக்கொண்ட" நான் 15 நாளில் 3,18,600 ரூபாயும் வட்டியும் செலுத்த வேண்டுமாம். தவறினால் கருப்புப் பட்டியல், காவல் துறையில் புகார். கடையில் ஆள் நிற்கும்போது தபால்காரர் கையெழுத்து வாங்கினார். பிரித்துப் படித்ததும் கை நடுங்கியது. பயத்தை விட ஆத்திரம்தான் அதிகம். நானே எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது என்னைத் திருடி மாதிரி எழுதியிருக்கிறார்கள். அன்று மஸ்கட்டுக்குப் போன் செய்யவில்லை. செய்தால் அழுதிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் உதவியாளர் கடைக்கே வந்தார். குரல் இறங்கியிருந்தது. "மேடம், பணத்தை ரொக்கமா எங்கிட்ட கொடுத்துடுங்க, நானே கட்டி ரசீது கொண்டாந்து தர்றேன், வட்டி கிட்டி எதுவும் வராமப் பார்த்துக்கறேன்." அவர் கெட்டவர் இல்லை. 17-பி குற்றச்சாட்டு (அரசு ஊழியர் மீதான கடுமையான ஒழுங்கு நடவடிக்கை) வந்துவிட்டால் பதவி உயர்வு நின்றுவிடும், தணிக்கைப் பத்தி தீராமல் ஓய்வு பெற்றால் பணிக்கொடையில் கைவைப்பார்கள், அந்தப் பயம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன், பணம் கொடுக்கவில்லை. யார் கேட்டாலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அலுவலர் பெயருக்குக் காசோலையும் எழுதாதீர்கள். அரசுப் பணம் அரசுக் கணக்குக்குச் சலான் வழியாகத்தான் போக வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால், நாம் கொடுத்தோம் என்பதற்கு அவர் வாய் மட்டும்தான் சாட்சி.

நோட்டீஸுக்குப் பதில் எழுதினேன். பழைய கடிதத்தின் முத்திரை போட்ட நகல், பதிவுத் தபால் ஒப்புகை அட்டை, டிடிஎஸ்ஸை மறுத்ததற்கான தளத்தின் பக்கம், மூன்றும் இணைப்பு. என் கைக்கு வந்தது 3,13,200 மட்டுமே, 5,400-ஐ நான் ஏற்கவில்லை, அதை உங்கள் ஜிஎஸ்டிஆர் 7-இல் திருத்திக்கொள்ளுங்கள் என்றேன். நானே தெரிவித்து வழிமுறை கேட்ட பிறகு எந்த விதிப்படி வட்டி கேட்கிறீர்கள் என்று கேட்டேன். கணக்குத் தலைப்பை எழுத்தில் கொடுங்கள் என்று மறுபடியும் கேட்டேன். வட்டியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. தொகையும் 3,13,200 என்று திருத்தி, தலைப்பு எழுதிக் கடிதம் வந்தது. 911 என்ற சிறு தலைப்பு, மிகைச் செலுத்தங்களின் வசூல். கருவூலத் தளத்தில் மின் சலான் போட்டு, டெபாசிட்டை உடைத்து, ஆகஸ்டில் கட்டினேன். சலானில் குறிப்புப் பகுதியில் பில் எண், தணிக்கைப் பத்தி விவரம், அலுவலகக் கடித எண் எல்லாம் எழுதினேன். தலைப்பு தப்பானால் பணம் அரசுக்குள்ளேயே எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும், அதை நகர்த்துவதற்குத் தனிப் படையெடுப்பு வேண்டும்.

முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். செப்டம்பரில் சம்பந்தமே இல்லாத வேறொரு துறைக்குப் பாயும் வாளியும் கொடுத்த பில்லுக்குப் பணம் வரவில்லை. போய்க் கேட்டால், 1,86,400 ரூபாயும் "வசூலுக்கு ஈடு செய்யப்பட்டது" என்றார்கள். என்ன நடந்தது என்றால், எனக்கு நோட்டீஸ் அனுப்பிய அன்றே புது அலுவலகம் மாவட்டத்தின் மற்ற அலுவலகங்களுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறது: இந்தக் கடைக்குப் பில் ஏதும் நிலுவை இருந்தால் பிடித்துக் கட்டவும் என்று. நான் சலான் கட்டிய பிறகு அந்தக் கடிதத்தை ரத்து செய்து இன்னொரு கடிதம் போட யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு முறை கொடுத்த அரசாங்கம், இரண்டு முறை வசூலிக்கவும் ஆரம்பித்துவிட்டது. பணமே வராத அந்தப் பில்லுக்கு ஜிஎஸ்டி கட்டி முடித்திருந்தேன் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல்.

இந்த அனுபவத்திலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பணத்தைத் திருப்பும் முன், வேறு எந்த அலுவலகத்துக்காவது பிடித்தம் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதியிருந்தால், ரத்துக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு சலான் கட்டுங்கள். கட்டியதும் சலான் நகலை உங்களுக்குப் பில் நிலுவை உள்ள எல்லா அலுவலகத்துக்கும் நீங்களே ஒரு கடிதத்தோடு கொடுத்துவிடுங்கள். அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தால் முதலில் பணம் இரண்டு முறை வந்திருக்கவே வந்திருக்காது.

பிடித்துக்கொண்டதைத் திரும்ப வாங்குவது, கூடுதலாக வந்ததைக் கொடுப்பதை விட நூறு மடங்கு கஷ்டம். பிடித்தவர் "நாங்க கட்டிட்டோம், அங்க போய்க் கேளுங்க" என்பார். அங்கே போனால் "எங்க தலைப்புக்கு வந்ததா தெரியலையே" என்பார்கள். கருவூலத்தில் சலான் சரிபார்ப்புச் சான்று வாங்க வேண்டும், பழைய அலுவலகத்திலிருந்து முதல் பட்டுவாடா பற்றிய கடிதம் வேண்டும், பிறகு தொகையைத் திரும்ப வழங்க மேல் அலுவலர் ஆணை, அதற்குப் பிறகுதான் பில். மறுபடியும் காரைக்காலைத் தாண்டி நாகப்பட்டினம், மறுபடியும் கடையை மூடிவிட்டு. மூடிய நாள் வியாபாரத்தை யார் கணக்கில் எழுதுவது?

இரண்டு விஷயம் வேலை செய்தது. ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய்க் கட்டணம். "என் பணம் ஏன் வரவில்லை" என்று கேட்டால் வெற்றுப் பதில் வரும். நான் கேட்டது ஆவணம்: இரண்டு பட்டுவாடாவின் பில் நகல், பிடித்தம் செய்யச் சொன்ன கடிதத்தின் நகல், பிடித்த பணம் எந்தத் தேதியில் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது என்பதற்கான பதிவு. முப்பது நாள் கெடுவின் கடைசியில் எல்லாம் வந்தது, என் சிவப்பு மை "இரண்டாம் பிரதி"யும் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்று, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்து மனு. கலெக்டர் உடனே தீர்த்து வைப்பார் என்று இல்லை. ஆனால் அந்த மனுவுக்கு எண் விழுந்துவிடும், கீழே இருப்பவர் பதில் எழுதியே ஆக வேண்டும். எல்லாத் தாளையும் தேதி வரிசையில் ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஒரு பக்கத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அட்டவணை போட்டு வைத்தேன். படிக்கிறவர் புரட்டத் தேவையில்லாமல் இருந்தால் கோப்பு கொஞ்சம் நகர்கிறது.

தாமதத்துக்கு வட்டி கேட்கலாமே என்று பலர் சொன்னார்கள். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பணம் தராமல் இழுத்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் என்னைப் போல் வாங்கி விற்கிற வியாபாரிகளை 2021 ஜூலையில் சிறு தொழில்களுக்கான உதயம் பதிவுக்குள் சேர்த்தது முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். அந்த வட்டி உற்பத்தியும் சேவையும் செய்கிறவர்களுக்குத்தான். கையில் உதயம் சான்றிதழ் இருக்கிறதே என்று கேஸ் போட்டு இன்னும் கொஞ்சம் காசைக் கரைக்க வேண்டாம்.

2024 நவம்பரில் 1,86,400 ரூபாயும் வந்தது. அது இல்லாத காலத்தில் சரக்குக்காக ஓவர்டிராஃப்டில் எடுத்ததற்கு வங்கி வாங்கிய வட்டி இருபத்து மூவாயிரம் சொச்சம். டெபாசிட்டில் கிடைத்த வட்டி அதில் கரைந்துபோனது. இப்போது எந்த அலுவலகம் இரண்டாம் பிரதி கேட்டாலும், "முதல் பிரதிக்கு இதுவரை பணம் வழங்கப்படவில்லை, வழங்கப்பட்டால் இப்பிரதி செல்லாது" என்று ரப்பர் முத்திரை செய்து வைத்திருக்கிறேன், அதைக் குத்தித்தான் கொடுக்கிறேன். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனி நோட்டு, வரவு வந்த அன்றே யுடிஆர் எண்ணோடு எழுதி, மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தோடு ஒப்பிடுகிறேன். கருப்புப் பட்டியல் மிரட்டலின்போது அந்த இன்னொரு துறையில் நிறுத்தி வைத்த காப்புத் தொகை மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கான மனுவைப் போன வாரம் கொடுத்தேன், நகலில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.